உள்ளிப் பாண்: பலெர்மோ பாட்டியும் யாழ்ப்பாணத்து அக்காவும்

மூன்று நாள் பழசான அந்தப் பாண் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டபோது அக்காவுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கத்தி இறங்க மறுத்தது. மேலே ஒட்டியிருந்த எள் மட்டும் உதிர்ந்து மேசையெங்கும் சிதறியது. "கல்லாப் போச்சு" என்று முணுமுணுத்தபடி கூடையைத் திறந்தார், போட்டார், மூடினார்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த சிஞ்ஞோரா திரும்பிப் பார்த்தார். வயது 90. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாய் சாப்பிடவும் இல்லை.

"அதை வெளியே எடு" என்றார்.

அக்கா எடுத்தார். நல்லவேளை, அப்போதுதான் கூடைக்குப் புதுப் பை மாட்டியிருந்தது. சிஞ்ஞோரா இரண்டு கையாலும் அதை வாங்கி, ஒரு முத்தம் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போது ஒரு பூண்டு கொண்டு வா. ஒரு பல் போதும்."

இது நடந்தது போன கார்த்திகை மாதம். இடம், இத்தாலியின் தென்கோடியில் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோ. நாலாம் மாடியில் ஒரு பழைய வீட்டுச் சமையலறை.

பிரெட்டுக்கு யாழ்ப்பாணத்தில் பாண் என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பூண்டுக்கு உள்ளி. பலெர்மோவுக்கு வந்து இறங்கிய முதல் நாள் அக்காவுக்குப் புரிந்த ஒரே இத்தாலியச் சொல் 'பானே' தான். பாண், பானே இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல். ஊர் விட்டு வந்தவளுக்குக் கடைப்பலகையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவைப்போல போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் பலெர்மோவில் நிறைய பேர் உண்டு. பெரும்பாலும் வீட்டு வேலை, துப்புரவு வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொஸாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ப் பார்த்தால் நெற்றியில் திருநீறோடு ஏறிவருகிற தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். அக்காவும் ஏறுவார். முட்டி வலி வந்தபிறகு பஸ்ஸில் போகிறார்.

சிஞ்ஞோரா என்றால் அம்மா, மேடம் மாதிரி ஒரு மரியாதைச் சொல். அந்த வீட்டில் அக்கா சேர்ந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது. அங்கேயே தங்கி வேலை. வியாழன் பிற்பகலும் ஞாயிறும் விடுப்பு. சேர்ந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை அடுப்பு மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை. வீட்டைத் துடைக்கலாம், மருந்து எடுத்துத் தரலாம், மார்க்கெட்டுக்குப் போகலாம். சமையல் சிஞ்ஞோராவின் ஆட்சி.

ஆகஸ்டில் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பழைய ஆளாக வரவில்லை. சூப் வைத்தால் இரண்டு கரண்டி. பாஸ்தா வைத்தால் முள்கரண்டியால் தள்ளிவிடுவார். விழுவதற்கு முன் 51 கிலோ. கார்த்திகையில் எடை பார்த்தபோது 44.

மிலானில் இருக்கும் மகன் தினமும் போனில் கேட்பார், "சாப்பிட்டார்களா?" அக்கா பொய் சொல்லப் பழகவில்லை. ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார், இப்படியே போனால் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது நல்லது, அங்கே நர்ஸ் இருப்பார், டாக்டர் இருப்பார் என்று. தப்பாகச் சொல்லவில்லை. ஆனால், அது நடந்தால் அக்காவுக்கு வேலை மட்டும் போகாது, படுக்கிற அறையும் போகும். 59 வயதில் இன்னொரு வீடு தேடவேண்டும். திருச்சியில் இருக்கும் தங்கையின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் அக்காதான்.

அதனால்தான் அந்தப் பெண் போனில் அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்து அக்கா முதலில் ஒரு முயற்சி செய்தார். நம்ம ஊர் பீட்சா கடைகளில் கிடைக்கிற அதே கார்லிக் பிரெட். வெண்ணெயை இளக்கி, பூண்டை அரைத்துப் போட்டு, மல்லித்தழை தூவி, மேலே சீஸ் வைத்து ஓவனில் பத்து நிமிடம். வீடெல்லாம் வாசனை. தட்டில் வைத்து நீட்டினார்.

சிஞ்ஞோரா குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார்.

"அமெரிக்கா" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டார்.

அவர் சொன்னது சரி. வெண்ணெய் மணக்கும் கார்லிக் பிரெட், இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போனவர்களின் உணவகங்களில் பிறந்தது. ஆலிவ் எண்ணெய் எளிதில் கிடைக்காத, வெண்ணெய் தாராளமாகக் கிடைத்த ஊரில் அது வெண்ணெய்க்கு மாறிக்கொண்டது. அங்கிருந்து உலகம் சுற்றி நம் தெருமுனைக்கும் வந்துவிட்டது. சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ரோமிலோ பலெர்மோவிலோ ஒரு சாதாரண வீட்டில் போய் அதைக் கேட்டால் முழிப்பார்கள். அவர்களிடம் இருப்பது வேறு. ரோம் பக்கம் அதற்குப் புருஸ்கெட்டா என்று பெயர், தணலில் வாட்டுவது என்ற பொருளில் வருகிற சொல். தோஸ்கானாவில் 'ஃபெத்துன்தா', அதாவது எண்ணெய் பட்ட துண்டு. வடக்கே பியமோந்தேயில் திராட்சை அறுவடைக்காரர்கள் பூண்டு தேய்த்த பாணை, பறித்த திராட்சையோடே சேர்த்துச் சாப்பிடுவார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். பழைய பாண், நெருப்பு, பூண்டு, எண்ணெய், உப்பு என்கிற ஐந்தும் எங்கேயும் மாறாது.

இதில் முதலாவதை அக்கா குப்பையில் போட்டிருந்தார்.

பலெர்மோ பாணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மைதாவில் செய்வதல்ல. பாஸ்தா செய்கிற கெட்டிக் கோதுமையின் ரவையை மறுபடி நைசாக அரைத்துச் செய்வார்கள். உள்ளே லேசான மஞ்சள் நிறம். மேலே எள். அரேபியர்கள் சிசிலியை ஆண்ட காலத்தின் மிச்சம் அந்த எள் என்பார்கள். அதற்குச் சிசிலிப் பேச்சில் இருக்கிற 'ஜுஜ்ஜுலேனா' என்ற பெயரும் அரபியிலிருந்து வந்ததுதான். பாம்பு வளைந்து வளைந்து படுத்தமாதிரி ஒரு வடிவம் உண்டு, அதற்கு மஃபால்தா என்று பெயர். வாங்கிய அன்று மொறுமொறுப்பு. மூன்றாம் நாள், அக்கா சொன்னது போலக் கல்.

அந்தக் கல்லைத்தான் சிஞ்ஞோரா மடியில் வைத்திருந்தார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, கையில் தண்ணீர் தொட்டு மேல்தோலை லேசாக நனைத்து, ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் கத்தி இறங்கும். இரண்டு, இனிமேல் பாண் வாங்கினால் இரண்டாம் நாளே துண்டு போட்டு வை.

பாண் கடினமாவது காய்ந்துபோவதால் மட்டும் அல்ல. சுடும்போது இளகிய மாவுச்சத்து, ஆறியபிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகிக்கொள்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அந்த இறுக்கம் விடும். அதனால்தான் நேற்றைய பாணைச் சுட்டால் இன்றைய பாண்போல ஆகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்று நாம் வைக்கிறோமே, அங்கே இந்த இறுகல் இன்னும் வேகமாக நடக்கும். பூசணம் பிடிக்காது, அவ்வளவுதான் லாபம்.

துண்டின் தடிமன் ஒரு சுண்டுவிரல். ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம். மெல்லியதாக வெட்டினால் உள்ளும் புறமும் ஒரேயடியாகக் காய்ந்து ரஸ்க் ஆகிவிடும். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் மிருது என்கிற இரண்டும் ஒரே துண்டில் வேண்டுமென்றால் தடிமன் வேண்டும்.

அடுப்பில் வரிவரியாக மேடு வைத்த ஓர் இரும்புக் கல். நம் தோசைக்கல்லின் ஒன்றுவிட்ட தங்கை. எண்ணெய் விடக்கூடாது. மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம், திருப்பிப்போட்டு இரண்டு நிமிடம். அக்கா கை தன்னையறியாமல் எண்ணெய்க் குப்பிக்குப் போனது. நாற்காலியிலிருந்து அதட்டல் வந்தது. "பொரிக்கப்போகிறாயா?"

ஓரம் கருகக் கருக இருக்கட்டும் என்றார் சிஞ்ஞோரா. விறகடுப்பில் சுட்ட நாளில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்துதான் பூண்டு. பல்லரோ மார்க்கெட்டில் ஜடைபோலப் பின்னித் தொங்கவிட்டு விற்கிற சிவப்புத் தோல் பூண்டு, தீவின் மேற்கே த்ராபனிக்குப் பக்கத்தில் நூபியா என்ற சின்ன ஊரில் விளைவது. உப்பளத்துக்குப் பக்கத்து ஊர். சிறிய பல், சுரீரென்ற காரம். அக்கா ஒரு பல்லை உரித்து, சின்னதாக நறுக்க ஆரம்பித்தார்.

"நறுக்காதே. குறுக்கே பாதியாக வெட்டு. வெட்டிய பக்கத்தைப் பாணில் தேய்."

தேய்த்தார். அங்கேதான் அக்கா அசந்துபோனார். சூடான, சொரசொரப்பான பாண் தேங்காய்த் துருவி மாதிரி வேலை செய்தது. ஈரமான பூண்டு கண்ணெதிரே கரைந்து பாணுக்குள் போனது. ஆவியோடு கிளம்பிய வாசனை மூக்கில் ஏறியது. நறுக்கவில்லை, அரைக்கவில்லை, வதக்கவில்லை. அரைப் பல்லில் ஒரு துண்டு முடிந்தது.

உரித்த முழுப் பூண்டை மோந்து பார்த்தால் பெரிதாக வாசனை இருக்காது. வெட்டும்போதோ நசுக்கும்போதோதான் அதற்குள் தனித்தனியே இருக்கிற அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சந்தித்து, அல்லிசின் என்ற காரசார வாசனைப் பொருள் உண்டாகிறது. பூண்டையே தீயில் காட்டினால் அந்த நொதி செயலிழந்துவிடும், கொஞ்சம் கருகினாலோ கசக்கும். பாணை முதலில் சுட்டு, அடுப்பை விட்டு இறக்கியபிறகு பச்சைப் பூண்டைத் தேய்ப்பதில் இத்தனை விஷயம் இருக்கிறது. சிஞ்ஞோராவுக்கு அல்லிசின் தெரியாது. "முதலில் நெருப்பு, பிறகு பூண்டு, பிறகு எண்ணெய். மாற்றினால் தூக்கிப் போடு" என்பது மட்டும் தெரியும். அவர் அகராதியில் எதையும் தூக்கிப் போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைக் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அக்கா பார்த்திருந்தார்.

எண்ணெய் புதுசு. சிசிலியில் அக்டோபர், நவம்பர் ஆலிவ் பறிக்கிற காலம். செக்கிலிருந்து நேராக வருகிற எண்ணெயைச் சுட்ட பாணில் ஊற்றித்தான் ருசி பார்ப்பார்கள். பெலீச்சே பள்ளத்தாக்கில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்த வாரம்தான் ஐந்து லிட்டர் டின் கொண்டுவந்து வைத்திருந்தார். பச்சைப் பசேல் என்று, புல் வாசனையோடு. ஒரு மேசைக்கரண்டி அளவு துண்டின் மேல் கோலம்போடுவதுபோல விட்டு, த்ராபனி உப்பை விரலில் நுணுக்கித் தூவினார் அக்கா.

ஒரு சிக்கல் இருந்தது. சிஞ்ஞோராவுக்குப் பல்செட். அதுவும் எடை குறைந்தபிறகு ஆடுகிறது. அக்கா ஓரத்துத் தோலை வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் விரல் விரலாக நறுக்கி, மேலே ஒரு பழுத்த தக்காளியைப் பிழிந்தார். சாறும் எண்ணெயும் இறங்கி ஐந்து நிமிடத்தில் பாண் இளகியது. (விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மொறுமொறுப்பான பாண் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. சிஞ்ஞோராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.)

முதல் விரலை வாயில் வைத்ததும் சிஞ்ஞோரா இருமினார். பலமாக இருமினார். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்து முதுகைத் தட்டப்போனார்.

சிஞ்ஞோரா கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். "எண்ணெய்" என்றார். "எண்ணெய் நல்ல எண்ணெய்."

புது ஆலிவ் எண்ணெய் தொண்டையில் மிளகுபோல உறைக்கும். அதை ருசி பார்க்கிறவர்கள் இருமினால், அது எண்ணெய்க்கு நற்சான்று. ஆகஸ்டுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்கிறார் அக்கா. அன்று நாலு விரல் சாப்பிட்டார். வெட்டிப்போட்ட ஓரங்களை அக்கா, தன் முதல் நாள் கத்தரிக்காய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார். அது தனிச்சுவை என்கிறார். இத்தாலியர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதலாம்.

பாணுக்கு ஏன் முத்தம் கொடுத்தார் என்று அக்கா அன்று கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, தட்டில் பாணைத் தலைகீழாக வைத்தபோது சிஞ்ஞோராவே அதைத் திருப்பி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கீழே விழுந்த பாணை எடுத்து முத்தமிடுவதும், தலைகீழாக வைக்காமல் இருப்பதும் அந்த ஊர் பழைய மனிதர்களின் வழக்கம். ஆனால், சிஞ்ஞோராவிடம் வழக்கத்தைத் தாண்டி ஒன்று இருந்தது.

1941 அக்டோபரில் இத்தாலியில் பாண் ரேஷனுக்கு வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம். அடுத்த வருடம் அது 150 கிராம் ஆனது. 1943-ல் குண்டுவீச்சு, நேச நாட்டுப் படைகள் நுழைந்தன, பலெர்மோவில் போர் முடிந்தது. பசி முடியவில்லை. 1944 அக்டோபர் 19 அன்று, பாணும் வேலையும் கேட்டு மக்கள் மக்கேதா வீதியில் திரண்டார்கள். ராணுவம் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் சிறுவர்கள். பலெர்மோவில் அதைப் 'பாண் படுகொலை' என்றே சொல்கிறார்கள்.

சிஞ்ஞோராவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா காலையில் பாண் தேடிப் போனவர் இருட்டும்வரை வரவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை, கையிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு வாரத்துப் பாண் முனை ஒன்று இருந்தது. அதைத் தணலில் வாட்டி, மணம் வருவதற்காகப் பூண்டு தேய்த்து, எண்ணெய் இல்லாததால் தண்ணீர் தெளித்து மூன்றாகப் பிட்டார்.

அக்காவும் தன் கதையைச் சொன்னார். எழுபதுகளின் தொடக்கம், இலங்கை முழுக்கப் பாணுக்கு வரிசை நின்ற வருடங்கள். ஏழெட்டு வயதில், விடிய நாலு மணிக்குச் சங்கக்கடை வாசலில் கல்லை வைத்து இடம் பிடித்தது. முறை வரும்போது பாண் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்தியது. கிடைத்த ஒரு நாள், ஒரு றாத்தல் பாணைச் சூட்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடிவந்து, வழியிலேயே ஒரு முனையைக் கிள்ளித் தின்றுவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியது. சிஞ்ஞோரா எல்லாம் கேட்டுவிட்டு, "எந்த முனை?" என்றார். "மொறுமொறுப்பான முனை" என்றார் அக்கா. "அதுதானே" என்றார் சிஞ்ஞோரா.

அதற்குப்பிறகு தினமும் காலை பத்து மணிக்கு ஒரு துண்டு.

திருச்சியில் தங்கைக்கு இதைச் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் அடுப்படிக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். பாக்கெட்டில் துண்டு போட்டு வருகிற சாண்ட்விச் பிரெட், தோசைக்கல், நாட்டுப்பூண்டு, நல்லெண்ணெய்.

"அக்கா, உள்ளியைத் தேய்க்கேக்க பாண் பிய்ஞ்சு போகுது!"

"நீ வாங்கினது கேக் மாதிரிப் பாண். துண்டு போடாத முழுப் பாணா வாங்கு. ஒரு இரவு துணியில சுத்தி வெளியில வை. பிறகு தடிப்பமா வெட்டு."

"நல்லெண்ணெய் விட்டனான். இட்லிப் பொடி மணக்குது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சிஞ்ஞோரா அறையிலிருந்து என்ன என்று கேட்டாராம்.

நம் ஊரில் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டியது பாணைத்தான். பாக்கெட் பிரெட் பெரும்பாலும் இனிப்பாகவும் பஞ்சுபோலவும் இருக்கும். பூண்டைத் தாங்காது. பேக்கரியில் இனிப்புக் குறைவான முழு லோஃப் கேட்டு வாங்கி, மறுநாள் வெட்டுங்கள். சவர்டோ, சியபாட்டா கிடைக்கிற நகரமென்றால் கவலையே இல்லை. சியபாட்டா பழங்காலத்து ரொட்டி என்று நினைத்துவிடவேண்டாம். 1982-ல் வெனிஸுக்குத் தெற்கே அத்ரியா என்ற ஊரில், அர்னால்தோ கவல்லாரி என்பவர் உருவாக்கியது. பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் கால் பல்லிலேயே காரம் ஏறிவிடும், கை அளவாகப் போகட்டும். ஆலிவ் எண்ணெயில் 'பொமஸ்' என்று போட்டு விலை குறைவாக விற்பது இதற்கு ஆகாது, அது சமையலுக்குச் சுத்திகரித்த எண்ணெய். பச்சையாக ஊற்றுவதால் 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' தேவை. சின்ன பாட்டில் போதும். ஆலிவ் இல்லையென்றால் மரச்செக்குக் கடலை எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். இத்தாலி இருக்காது, ருசி இருக்கும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், பாண் ரப்பராகிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேலை மிச்சம் என்று பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு கிடந்தால் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு இருக்கிறது. நிறத்திலோ வாசனையிலோ தெரியாது. இந்தச் சமையலுக்கு அந்தக் குறுக்குவழி தேவையும் இல்லை. ஒரு பல்லை வெட்டித் தேய்க்க அரை நிமிடம்.

இரண்டாவது தடவை தங்கைக்குச் சரியாக வந்தது. மகள் பாதித் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "சித்தப்பா கடை கார்லிக் பிரெட்தான் நல்லாயிருக்கு" என்றாளாம். இருக்கட்டும்.

டிசம்பர் 23 அன்று மகன் மிலானிலிருந்து வந்தார். வந்த மறுநாளே டாக்டர் எடை பார்த்தார். 45 கிலோ 600 கிராம். ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ. பல்செட்டைச் சரிசெய்தது, மாத்திரை ஒன்றை மாற்றியது, பசி திரும்பியது என்று டாக்டர் காரணங்களை அடுக்கினார். பூண்டுப் பாணைச் சொல்லவில்லை. அக்கா சொன்னார். தினம் ஒரு துண்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்று. அந்த எண்ணெயிலேயே 120 கலோரி வந்துவிடும், நிறுத்தவேண்டாம் என்றார் டாக்டர்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, இன்றைக்கு நான் செய்கிறேன் என்று மகன் அடுப்படியில் நின்றார். பெரிய கம்பெனியில் பெரிய வேலை. பாணை வெட்டினார், எண்ணெயை ஊற்றினார், பிறகு கல்லில் போட்டார். அறைக்குள்ளிருந்தே சத்தத்தை வைத்து அம்மா கண்டுபிடித்துவிட்டார். "யார் பொரிக்கிறது?" என்று குரல் வந்தது. 60 வயது மகன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கருகியதையும் தூக்கிப் போடவில்லை. அதை மகன்தான் சாப்பிட்டார்.

முதியோர் இல்லத்தைப் பற்றி, கிளம்புகிற அன்று வாசலில் நின்று பேசினார். ஈஸ்டர் வரை பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அக்கா கேட்கவில்லை. ஏப்ரலில் கல்லூரியில் கடைசித் தவணை கட்டவேண்டும், அதுவரை கணக்குச் சரியாக இருக்கும்.

அன்று இரவு அக்கா தனக்குச் சோறு வைத்தார். காலையில் பாணுக்குத் தேய்த்ததில் பாதிப் பல் மிச்சம் இருந்தது. தேய்த்த பக்கம் வழவழவென்று தேய்ந்து, மொட்டையாக. அதை மிளகு, சீரகத்தோடு தட்டி ரசத்தில் போட்டார். கொதி வந்ததும் உள்ளே கட்டிலிலிருந்து குரல் கேட்டது.

"என்ன வாசனை அது?"

"ரசம், சிஞ்ஞோரா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அதில் பாண் போட்டுச் சாப்பிடலாமா?"

அக்கா ஒரு துண்டை எடுத்துக் கல்லில் வைத்தார்.